பொதுக் கணக்கும் சேரிக் கணக்கும்
ந. சிவராஜ் நினைவு உரையின் எழுத்து வடிவம்



சிவராஜ் அவர்களை நினைவுகூரும் அவையில் நகராட்சி வரவு செலவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 1942இல் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர், 1957இல் செங்கல்பட்டிலிருந்து சென்ற மக்களவை உறுப்பினர், இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர் என்று அவரைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். 1945இல் அவர் சென்னை மேயர் ஆனதையும் பெருமையோடு சொல்கிறோம். 1688இல் தொடங்கிய மாநகராட்சி அது. ஆனால் மேயர் இருக்கைக்கு எதிரே மேசை மேல் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் நம் தெரு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாம் போதுமான அளவு கேட்கவில்லை. இன்று அதைக் கேட்போம். அதற்குப் பருத்திப்பட்டை எடுத்துக்கொள்கிறோம்.

ஏரியும் ஆண்டுகளும்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் இருக்கிறது பருத்திப்பட்டு ஏரி. பல ஆண்டுகள் சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த நீர்நிலை. கூவம் மறுசீரமைப்புத் திட்டத்தின் கீழ் சுமார் 28 கோடி ரூபாய் செலவில் அது சீரமைக்கப்பட்டு, 2019 ஜூனில் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நடைபாதை, படகு, பறவைகள் வந்து தங்கத் திட்டு எல்லாம் வந்தன. ஏரி மீண்டது நல்ல செய்திதான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீர்நிலை செத்தால் முதலில் நோய்வாய்ப்படுவது தாழ்வான இடத்தில் குடியிருக்கும் நம் மக்களே.

அதே 2019 ஜூனில்தான் ஆவடி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இந்த இரண்டும் நடந்தபோது ஆவடியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகளே மன்றம், அதிகாரிகளே தீர்மானம். எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் என்று கேட்க வார்டு உறுப்பினர் இல்லாத காலத்தில் ஒரு நகரத்தின் முன்னுரிமைகள் முடிவாகின.

ஏரி எந்தத் திட்டத்தின் கீழ் அழகானதோ, அதே கூவம் திட்டத்துக்காக ஆற்றங்கரைகளில் வாழ்ந்த 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட வேண்டியவை என்று கணக்கெடுக்கப்பட்டன. பெரும்பாக்கத்துக்கும் மற்ற மறுகுடியமர்வு இடங்களுக்கும் லாரியில் ஏற்றப்பட்டவர்கள் தலித்துகளும் பிற உழைக்கும் மக்களும். நகரம் அழகாகும்போது யார் பார்வையாளர், யார் அப்புறப்படுத்தப்பட வேண்டியவர் என்பதை ஒரே திட்டத்தின் இரண்டு பத்திகள் முடிவு செய்தன.

ஊருக்கு உரிமை, சேரிக்கு உதவி

இது 2019இல் தொடங்கியது அல்ல. 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பருத்திப்பட்டும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையை அவர் பதிவு செய்தார். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு அடிப்படையான 1892ஆம் ஆண்டு அரசாணை அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்தது.

1920 வாக்கில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் துறையிடம் ஒடுக்கப்பட்டோர் நலனை ஒப்படைத்தது. மனை, பாதை, பள்ளி, கிணறு ஆகியவற்றை அந்தத் துறை செய்தது. நம் முன்னோர் பலர் அந்தத் துறை கொடுத்த மனையில்தான் முதன்முதலாகச் சொந்தக் கூரை போட்டார்கள். அதை மறக்கக் கூடாது. ஆனால் ஊர்ப் பொதுக் கிணற்றைத் திறந்துவிடுவதைவிடச் சேரிக்குத் தனிக் கிணறு வெட்டுவது அரசுக்கு எளிதாக இருந்தது. ஊர்த் தெருவுக்கு வரிப் பணத்தில் சாலை வந்தால் அது நிர்வாகம். சேரித் தெருவுக்கு வந்தால் அது நலத்திட்டம். கணக்கு இரண்டாகப் பிரிந்த இடம் இதுதான்.

நம் தலைவர்கள் இதை அன்றே கண்டுகொண்டார்கள். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் தனிக் கிணறு கேட்கவில்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம், பொது அலுவலகம் எல்லாவற்றிலும் நமக்கு வழி உண்டு என்றது. 'பொது' என்ற சொல்லுக்குள் நம்மைச் சேர் என்பதே அதன் பொருள்.

தீர்மானம் மட்டும் போதாது என்பதை மகத் நமக்குக் கற்றுத்தந்தது. தாழ்த்தப்பட்டோருக்குப் பொது நீர்நிலைகளைத் திறக்கச் சொல்லி 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் 1924இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் மூன்று ஆண்டுகள் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சென்று நீர் அருந்தினார்கள். உடனே தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. உயர்நீதிமன்றத்தில் வழக்கு நம் பக்கம் முடிந்தது 1937இல். ஒரு குளத்துக்கு ஒரு நகராட்சியோடு இத்தனை ஆண்டுகள்.

முன்னுரிமை என்றால் என்ன என்பதை அதற்கும் முன்பே பூனா நகராட்சியில் ஜோதிராவ் பூலே காட்டியிருந்தார். வைஸ்ராய் லிட்டனை வரவேற்க ஆயிரம் ரூபாய் செலவிட மன்றம் முனைந்தபோது, அந்தப் பணம் ஏழைகளின் கல்விக்குப் போகட்டும் என்று எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். தோற்றது ஒரு வாக்கு. ஆனால் செலவுக் கணக்கும் அரசியல் என்பது அன்று பதிவாயிற்று.

இன்றைய கணக்கு

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நமக்கு இரண்டைத் தந்தது. ஒன்று, மன்றங்களிலும் தலைமைப் பதவிகளிலும் இடஒதுக்கீடு. இரண்டு, குடிசைப் பகுதி மேம்பாடு உள்ளிட்ட 18 பணிகள் நகராட்சியிடம் வரலாம் என்ற பட்டியல். 2022இல் சென்னை, தாம்பரம், ஆவடி ஆகிய மூன்று மாநகராட்சிகளின் மேயர் பதவிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. சிவராஜ் அமர்ந்த இருக்கையில் இன்று சட்டப்படி நம் பிள்ளைகள் அமர்கிறார்கள். இது பெரிய வெற்றி.

ஆனால் பணம் வரும் வழியைப் பார்ப்போம். சொத்து வரி நகராட்சியின் சொந்தப் பணம். மற்றதில் பெரும்பங்கு நிதி ஆணைய மானியமாகவும் மேலிருந்து வரும் திட்டங்களாகவும் வருகிறது. 'நமக்கு நாமே' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் ஒரு மாதத்தில் அந்தப் பங்கைத் திரட்டிவிடும். தூய்மைப் பணியாளர் குடியிருப்பு எப்படித் திரட்டும்? விதியில் சாதி இல்லை. விளைவில் இருக்கிறது.

மறுபக்கம், நமக்கென்றே உள்ள துணைத் திட்டம். 1980இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. மாநில மக்கள்தொகையில் நாம் சுமார் 20 விழுக்காடு என்றால் ஒவ்வொரு துறையின் திட்டச் செலவிலும் அந்தப் பங்கு நமக்கு என்பதே அதன் அடிப்படை. அது சலுகை அல்ல, பங்கு. நடைமுறையில் என்ன ஆனது? எல்லோருக்குமான திட்டத்தின் செலவில் ஒரு பகுதியை இந்தக் கணக்கில் எழுதிக்கொள்வது வழக்கமாயிற்று. அதாவது பொதுக் கணக்கில் நம்மைச் சேர்க்கவில்லை. நம் தனிக் கணக்கில் மட்டும் பொதுவைச் சேர்த்தார்கள். இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று நாம் நெடுங்காலம் கேட்டோம். ஆந்திரம், கர்நாடகம் 2013இலும் தெலங்கானா 2017இலும் சட்டம் இயற்றிய பிறகு, தமிழ்நாடு 2024இல் இயற்றியது. இனி அதை வார்டு வரை கொண்டுவருவது நம் வேலை.

எல்லாவற்றையும்விடக் கடுமையான கணக்கு ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஆவடியில் பாதாளச் சாக்கடை அடைப்பை எடுக்க இறங்கிய இளம் ஒப்பந்தத் தொழிலாளி நச்சு வாயுவில் இறந்தார். மனிதரை இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உயர்த்தியது. சாவுக்குத் தொகை நிர்ணயமாகிவிட்டது. சாகாமல் இருக்க எந்திரத்துக்கும் நிரந்தரப் பணியாளருக்கும் எவ்வளவு என்பது வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகத் தெரிய வேண்டாமா? ஏரிக்குள் கழிவுநீர் போகாமல் தடுக்கும் வேலையில் கடைசிக் கண்ணி அந்தத் தொழிலாளிதான்.

கேட்க வேண்டியவை

2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. நம்மவர் பலர் அங்கே போவதில்லை. போக வேண்டும். பருத்திப்பட்டிலும் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் போய் மூன்றைக் கேட்போம்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த வார்டில் சாலை, வடிகால், குடிநீர், விளக்கு ஆகியவற்றுக்கான செலவைத் தெரு வாரியாகத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நம் தெருவுக்கு வந்த பணத்தில் எது பொது நிதி, எது ஆதிதிராவிடர் நல நிதி என்று பிரித்துக் காட்டுங்கள். பங்குத்தொகை கட்ட முடியாத தெருவுக்கு அந்தப் பங்கை மாநகராட்சியே கட்டட்டும்.

இரண்டாவது கேள்விக்கு வரும் விடையை நாம் பாதுகாத்து வைக்க வேண்டும். நூறாண்டுக்கு முன் இரட்டைமலை சீனிவாசன் 'பொது' என்ற சொல்லுக்குள் கேட்ட இடம் எவ்வளவு கிடைத்திருக்கிறது என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். நம் தெருச் சாலை பொது நிதியில் போடப்பட்டிருந்தால் அந்த அளவுக்கு நாம் இந்த நகரத்தின் குடிமக்கள். இல்லையென்றால், மேயர் இருக்கையில் நம் பிள்ளை அமர்ந்திருக்கும் இந்தக் காலத்திலேயே அதை மாற்றி எழுத வைக்க வேண்டும்.