அமெரிக்கரும் யாழ்ப்பாணமும்

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்தை நோக்குந்தோறும், 1816 மார்ச்சு மாதத்தில் கொழும்பில் வந்திறங்கிய அமெரிக்க மிசனரிமாரை நான் நினைப்பதுண்டு. பிரித்தானியாவும் அமெரிக்காவும் பொருது ஓய்ந்து அப்போது ஓராண்டே கழிந்திருந்தது. எனினும் தேசாதிபதி பிரவுண்றிக் அவர்களை யாழ்ப்பாணஞ் செல்ல விடுத்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் தங்கினர்.

1820 இல் கரெற் என்னும் அச்சுக்காரர் பின்தொடர்ந்து வந்தார். அப்போது ஆட்சிபுரிந்த எட்வேட் பாண்ஸ் அவரை இந்நாட்டில் இருக்க விடவில்லை. ஓர் அச்சுக்காரரால் அரசுக்கு என்ன தீங்கு நேரும் என்று நாம் கேட்கலாம். மன்னராட்சியை உதறிய குடியரசின் குடிமகன் அச்சுத்தொழிலோடு வந்தால் ஆள்வோர்க்கு ஐயம் பிறவாதோ? ஆனால் அக்குடியரசுதானும் அதே ஆண்டில் மிசூரியை அடிமைமுறையோடு சேர்த்துக்கொள்ள உடன்பட்டதென்பதை மறத்தலாகாது.

1833 இலேதான் புதிய மிசனரிமார் வந்து சேர்ந்தனர். அதற்கிடையில், இருந்தவர்களே 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கினர். தானியேல் பூவர் அதன் அதிபர். பொருளுதவிய அமெரிக்கரின் பெயரை நம் மாணவர்க்கு இட்ட வழக்கம் எனக்கு உவப்பன்று. ஆயினும் அங்கே பயின்ற கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 இல் சென்னைச் சருவகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். செமினறியோ அதற்கு ஈராண்டு முன்னரே மூடப்பட்டுவிட்டது.