புதுச்சேரியில் பொருளியல் பட்டப்படிப்பின் வரலாறு

புதுச்சேரி நகரில் இளங்கலைப் பொருளியல் (பி.ஏ.) தாகூர் அரசு கலைக் கல்லூரியிலும் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியிலும் கற்பிக்கப்படுகிறது. வங்கியும் பஞ்சாலைகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்த இந்த ஊருக்கு, பொருளியல் பட்டப்படிப்பு பிரெஞ்சு ஆட்சி முடிந்த பிறகுதான் வந்தது.

பிரெஞ்சு ஆட்சிக் காலம்

1875இல் நிறுவப்பட்ட இந்தோசீன வங்கி புதுச்சேரியில் கிளை வைத்து, பிரெஞ்சிந்திய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. ஆனால் பொருளாதாரத்தைப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற ஊரில் வழி இல்லை. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுக் கல்லூரியும் கலவை சுப்பராயச் செட்டியார் நிறுவிய கலவைக் கல்லூரியும் பெயரளவில் கல்லூரிகள். உண்மையில் அவை பள்ளிகளே. அதற்கு மேல் படிக்க விரும்பியவர்களுக்கு உள்ளூரில் சட்டப் பள்ளியும் மருத்துவப் பள்ளியும் இருந்தன.

பிரான்சின் கல்வி முறையும் இதற்கு ஒரு காரணம். அங்கே பொருளியல் நெடுங்காலம் சட்டப் படிப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1877இல் அது சட்டப் புலங்களில் கட்டாயப் பாடமானது. தனிப் பட்டமாக அது பிரிந்தது 1959இல்தான்.

சென்னையின் வழி

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் பொருளியல் பேராசிரியராக வந்தார். மாணவர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்று நிலம், கூலி, கடன், வீட்டுச் செலவு ஆகியவற்றைக் கணக்கெடுக்குமாறு அவர் செய்தார். அந்த ஆய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, பழைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள மாவட்டத்தின் சிற்றூர் ஒன்று பொருளியல் ஆய்வில் இடம்பெற்றபோது, புதுச்சேரி மாணவருக்கு அந்தப் படிப்பே உள்ளூரில் இல்லை. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆயினும் பிரெஞ்சில் பள்ளிப்படிப்பை முடித்தவர் அங்கே ஆங்கிலவழியில் படிக்க வேண்டியிருந்தது.

இணைப்பும் புதிய கல்லூரிகளும்

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், பிரெஞ்சுப் பள்ளியிறுதிச் சான்றிதழான ‘பக்கலோரேயா’வை இந்தியாவில் உயர்கல்விச் சேர்க்கைக்கு ஏற்க வகைசெய்தது. பழைய கல்வியில் வளர்ந்தவர்களின் படிப்பு வீணாகாமல் இருக்க இந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் முழுமையடைந்தது. தாகூர் கலைக் கல்லூரி அதற்கு முன்பே, 1961இல், தாகூர் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டதால் பாடத்திட்டமும் தேர்வும் சென்னையிலிருந்தே வந்தன. 1968இல் மகளிர் கல்லூரி தொடங்கியது. வெளியூர் விடுதிக்கு மகள்களை அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு, வீட்டிலிருந்தே சென்று படிக்கும் வாய்ப்பு கிடைத்தது.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் புதுவைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பின்னர் நகரக் கல்லூரிகள் அதனுடன் இணைந்தன. 1989இல் காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையம் வந்தது. அதனால் முதுகலைப் பொருளியலையும் ஊரிலேயே படிக்க முடிகிறது.

பாடமும் ஊரும்

கூலி, தொழிற்சங்கம், அரசுத் தலையீடு என மாணவர்கள் பாடநூலில் படிக்கும் பலவற்றுக்கு இந்த ஊரிலேயே சான்றுகள் உண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. பல ஆயிரம் பேருக்கு வேலை தந்த பஞ்சாலைகள் பின்னாளில் நலிந்து மூடப்பட்டன. ரோடியர் மில் எனப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையும் 2020இல் மூடப்பட்டது.

ஆலைகள் ஏன் நலிந்தன, வேலையிழந்த குடும்பங்கள் எத்தொழிலுக்குச் சென்றன, சுற்றுலா அந்த இடத்தை எவ்வளவு நிரப்பியது என்பவை இன்றைய மாணவர் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்துப் பார்க்கத்தக்க கேள்விகள். இருவேல்பட்டில் 1916இல் நடந்த கணக்கெடுப்பு 1936, 1961, 1981, 2008 ஆம் ஆண்டுகளில் மறு ஆய்வு செய்யப்பட்டது. புதுச்சேரியின் ஆலைத் தெருக்களுக்கும் அதே முறை பொருந்தும்.