ஊற்றுகள் வளர்த்த ஊர்



லாஸ் வேகாஸ் என்றதும் சூதாட்ட விடுதிகளும் வண்ண விளக்குகளுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் 'புல்வெளிகள்' என்பதே பொருள். ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழையே பெறும் மொஹாவிப் பாலைவனத்தில் புல்வெளி எவ்வாறு தோன்றியது? பிறகு அது எங்கே போயிற்று? இவ்விரு வினாக்களுக்கும் இன்று விடை காண்போம்.

முதலில் நில அமைப்பைப் பார்ப்போம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தின் தென்பகுதியில், மலைகள் சூழ அமைந்த அகன்ற பள்ளத்தாக்கு இது. மேற்கே ஸ்பிரிங் மலைத்தொடரில் உள்ள சார்ல்ஸ்டன் சிகரம் 3,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. குளிர்காலத்தில் அம்மலைகளில் பெய்யும் பனி, உருகிப் பாறை வெடிப்புகளின் வழியே நிலத்துக்குள் இறங்குகிறது. அவ்வாறு இறங்கும் நீர், பள்ளத்தாக்கின் களிமண் அடுக்குகளுக்குக் கீழே அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடந்தது. நிலம் பிளவுபட்ட இடங்களில் அது தானாகவே மேலே பொங்கி வந்தது. இத்தகைய ஊற்றையே ஆர்ட்டீசியன் ஊற்று என்பர். அந்நீர் பாய்ந்த இடமெல்லாம் புல்லும் மரங்களும் செழித்தன.

இவ்வூற்றுகளை நம்பிப் பாயூட் பழங்குடியினர் நெடுங்காலம் வாழ்ந்தனர். 1829, 1830ஆம் ஆண்டுகளில் நியூ மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்ற அன்டோனியோ அர்மிஹோவின் வணிகக் கூட்டம் இந்த வட்டாரத்தைக் கடந்தது. 1844இல் ஜான் ஃபிரீமான்ட் என்னும் ஆய்வுப் பயணி இங்கே தங்கி, ஊற்றுகளைப் பற்றித் தம் அறிக்கையில் எழுதினார். 1855இல் மார்மன் சமயத்தார் கோட்டை கட்டி, ஓடை நீரைப் பாய்ச்சிப் பயிரிட்டனர். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் வெளியேறினர். அந்நிலம் பின்னர்ப் பண்ணையாயிற்று.

1902இல் இரயில்பாதை அமைக்க வந்தவர்கள் பண்ணையையும் ஊற்றுகளையும் விலைக்கு வாங்கினர். நீராவி எஞ்சின்களுக்கு நீர் வேண்டுமல்லவா? 1905 மே மாதம் மனைகள் ஏலம் விடப்பட்டு நகரம் பிறந்தது.

சோதனையும் அங்கேதான் தொடங்கிற்று. தோண்டிய கிணறுகள் பலவற்றில் நீர் தானே பீறிட்டது. அவற்றுள் பலவற்றை மூடாமல், இரவும் பகலும் வீணே ஓடவிட்டனர். 1935இல் அருகே கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை எழுந்தது; மக்கள் பெருகினர். எனினும் நகரம் பெரிதும் நிலத்தடி நீரையே நம்பியிருந்தது. மலைப்பனி கொடுத்ததைவிட மனிதர் எடுத்தது மிகுந்தது. 1962இல் பேரூற்றுகள் ஓய்ந்தன. இவ்வூற்றுகளில் வாழ்ந்த சிறு மீனினம் ஒன்று உலகிலிருந்தே மறைந்தது. நீர் குறைந்ததால் களிமண் அடுக்குகள் அமுங்கி, சில இடங்களில் நிலமே ஒன்றரை மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது.

1971 முதல் கொலராடோ ஆற்று நீர் பெருமளவில் குழாய் வழியே வரத் தொடங்கிற்று. இன்று நகரின் நீரில் பத்தில் ஒன்பது பங்கு அவ்வாற்றினுடையதே. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆற்று நீரைக் கிணறுகளின் வழியே நிலத்துக்குள் செலுத்திச் சேமிக்கவும் செய்கின்றனர். பழைய ஊற்றுகள் இருந்த இடம் 2007இல் பொதுமக்கள் காணும் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

நேயர்களே, நிலத்தடி நீர் நம் முன்னோர் வைத்துச் சென்ற முதலைப் போன்றது. ஆண்டுதோறும் மழையும் பனியும் தருவது அதன் வட்டி. வட்டியளவில் செலவிட்டவரை ஊற்றுகள் வற்றவில்லை. வட்டிக்கு மேல் எடுத்தபோதோ முதலுக்கே மோசம் வந்தது. கிணறு தோண்டும் எந்த ஊருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.