கார்த்திகை மீனைக் கண்டுபிடித்தவர் யார்?

கார்த்திகை மீனைக் கண்டுபிடித்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வது?

வானநூலார் பட்டியலில் அதற்கு எண் 45. பிரான்சு நாட்டு சார்ல் மெசியர் 1769-இல் அதைத் தம் பட்டியலில் சேர்த்தார். வால்மீன் தேடுவோர் ஏமாறாதிருக்கவே அவர் அப்பட்டியலைத் தொகுத்தார். ஆனால், அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சங்கப் புலவர்கள் அதை 'அறுமீன்' என்று பாடிவிட்டனர். முருகனுக்குப் பாலூட்டிய தாயர் அறுவர் என நம் முன்னோர் அதனைப் போற்றினர்.

நாம் வாழும் கெடா நெல் விளையும் நாடு. மலாய் மக்கள் இதனைப் 'பிந்தாங் துஜோ', அதாவது ஏழு மீன், என்பர். விடியுமுன் உள்ளங்கையில் நெல்மணிகளை வைத்து, அம்மீனை நோக்கிக் கையை நீட்டுவது பழைய மலாய் உழவர் வழக்கம். மணிகள் உருண்டு விழுந்தால், மீன் போதிய உயரத்துக்கு வந்துவிட்டது. நாற்றுவிடும் காலம் அதுவே.

நமக்கு ஆறு, அவர்களுக்கு ஏழு. எது சரி? கண்ணின் கூர்மைக்கும் வானத்தின் தெளிவுக்கும் ஏற்ப எண்ணிக்கை மாறும். 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து, அங்கே 36 மீன்களை வரைந்து காட்டினார்.

அப்படியானால், பிற்காலத்தார் கண்டறிந்த புதுமைதான் என்ன? அம்மீன்களின் உறவே அது. 1767-இல் ஜான் மிச்செல் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு கணக்குப் போட்டார். இவை தற்செயலாக இப்படி நெருங்கி அமைய ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. ஆகவே இவை ஒரே குடும்பம் என்றார். இவை ஒரே திசையில் சேர்ந்து நகர்வதைப் பின்வந்தோர் அளந்து உறுதி செய்தனர்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இம்மீன்கள் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை. பிணைப்பு தளர்வானதால், இதைத் 'திறந்த விண்மீன் கொத்து' என்பர்; காலப்போக்கில் இவை பிரிந்து செல்லும். அங்கிருந்து ஒளி நம்மை எட்டச் சுமார் 440 ஆண்டுகள் ஆகின்றன. நாம் இன்று காணும் ஒளி, கெடாவில் ரப்பர் மரம் நடப்படுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்டதாகும்.

ஆகஸ்டில் விடியுமுன் வேலைக்குக் கிளம்புவோர் கிழக்கே நிமிர்ந்து பார்க்கலாம். கார்த்திகை மாதத்தில் மாலை இருட்டியதும் அங்கேயே அது எழும். சுங்கை பட்டாணி போன்ற பட்டணங்களில் தெருவிளக்கு மறைக்கும். தோட்டத்து இருட்டில் நன்கு தெரியும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறா, ஏழா, எட்டா? கண்டதை அவர்களே நோட்டில் எழுதி வைக்கட்டும்.