அவசர சிகிச்சைப் பிரிவு நெரிசலும் வரிசைக் கோட்பாடும்

வரிசைக் கோட்பாடு என்பது காத்திருத்தலைக் கணக்கிடும் கணிதப் பிரிவாகும். தொலைபேசி இணைப்பகத்தில் தோன்றிய இக்கோட்பாடு, இன்று மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஏற்படும் நெரிசலைப் புரிந்துகொள்ளவும் குறைக்கவும் உதவுகிறது. கள்ளக்குறிச்சியில் 2024-இல் நிகழ்ந்த நச்சுச் சாராயத் துயரம் இக்கணக்கின் தேவையை உணர்த்துகிறது.

வரலாறு

டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். தொலைபேசி அழைப்புகளின் வருகையை நிகழ்தகவு கொண்டு ஆராய்ந்து 1909-இல் கட்டுரை வெளியிட்டார். 1952-இல் நார்மன் பெய்லி, மருத்துவமனைப் புறநோயாளிகள் வரிசையை இம்முறையில் ஆராய்ந்தார். 1961-இல் ஜான் லிட்டில் ஓர் எளிய விதியை நிறுவினார்: ஓரிடத்தில் இருப்போரின் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒருவர் தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கக் கிடைப்பதாகும்.

கணக்கு

மணிக்கு 6 நோயாளிகள் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக 4 மணி நேரம் தங்குவதாகக் கொள்வோம். எந்நேரமும் சராசரியாக 24 பேர் உள்ளே இருப்பர். தங்கும் நேரம் 3 மணியானால் 18 பேரே இருப்பர். புதிதாக ஒரு கட்டில்கூட வாங்காமல் 6 இடங்கள் கிடைத்துவிடும். சிகிச்சை முடிந்தவரை வார்டுக்கு அனுப்பத் தாமதமானால் இதற்கு நேர்மாறாக நெரிசல் கூடும்.

ஒரே மருத்துவர் உள்ள எளிய மாதிரியில், அவருடைய நேரத்தில் 80% நிரம்பினால் சராசரிக் காத்திருப்பு, ஒருவரைப் பார்க்கும் நேரத்தைப் போல் 4 மடங்காகும். 90% நிரம்பினால் 9 மடங்கு. 95% ஆனால் 19 மடங்கு. ஆகவே கொஞ்சம் ஓய்வு இடம் விட்டுவைப்பது வீண்செலவன்று.

கள்ளக்குறிச்சி நிகழ்வு

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. 2024 சூனில் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டனர்.

மெத்தனால் நஞ்சின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியக்கூடும். எனவே முதல் சிலர் வந்த பிறகு கூட்டம் பெருகும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு டயாலிசிஸ் தேவைப்படும். ஒருவருக்கே பல மணி நேரம் ஆகும். அந்நிலையில் வரிசை தேங்கும் இடம் மருத்துவரின் மேசை அன்று, டயாலிசிஸ் இயந்திரம். நோயாளிகளைப் பல மருத்துவமனைகளுக்குப் பிரித்தனுப்பினால் ஒவ்வோர் இடத்திலும் வருகை வீதம் குறையும். ஆனால் பயண நேரம் கூடும். எவரை அனுப்புவது, எவரை உடனே கவனிப்பது என்பதை நோயின் கடுமையே தீர்மானிக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் முறை இதற்கானது. காத்திருப்பு முழுவதும் அதனால் நீங்கிவிடாது. காத்திருக்க முடியாதவர் முன்னே செல்வார்.

மாதிரியின் எல்லை

கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து வருவோரின் காத்திருப்பு மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை, மலைப்பாதையிலேயே தொடங்கிவிடுகிறது. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் கொண்டு அமைக்கும் மாதிரியில் அந்த நேரம் இடம்பெறாது. வழியில் கழியும் நேரத்தையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமை பெறும்.