உணரி

உணர் + இ. மண்வெட்டி, பாக்குவெட்டி போல, செயலைச் செய்யும் கருவியைக் குறிக்கும் இகரம் இது. 'உணர்' என்பதற்கு அறிதல், ஆராய்தல், துயிலெழுதல் என்றும் பொருள் உண்டு. ஊடல் தீர்வதும் உணர்தலே. சிங்கப்பூரில் 'உணர்கருவி' என்ற வினைத்தொகையும் வழங்குகிறது.

மானி வேறு, உணரி வேறு. மழைமானி, வெப்பமானி ஆகியவை அளவைக் காட்டுபவை. வெப்பம், அழுத்தம், தொலைவு போன்றவற்றை மின்குறிப்பாக மாற்றித் தருவது உணரி. மானிக்குள்ளேயே உணரி இருக்கலாம்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடுகிறது ரோச்சோர் கால்வாய். இத்தகைய கால்வாய்களிலும் வடிகால்களிலும் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்மட்ட உணரிகளைப் பொருத்தியுள்ளது. மட்டம் கால்வாயின் ஆழத்தில் 90 விழுக்காட்டை எட்டினால் திடீர் வெள்ள எச்சரிக்கை வெளியாகும். நீர்மட்ட உணரிகளில் மீயொலி வகையும் ஒன்று. அது ஒலியை நீரின்மேல் செலுத்தி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். நீர் உணரிக்கு 2 மீட்டர் கீழே இருந்தால் அந்நேரம் சுமார் 12 மில்லிநொடி. அது குறையக் குறைய நீர் ஏறுகிறது என்று பொருள்.

வழக்கு: நீர்மட்ட உணரி, புகை உணரி, அசைவு உணரி.