கோப்பின் பெயரும் பைற்றின் அளவும்: கல்முனை நூலொன்றை முன்வைத்து

எந்த அளவையும் அதனை வகுத்தோரின் தேவைகளிலிருந்தே தோன்றுகின்றது. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான வயல்நிலங்களில், போடியாரின் களத்திலே நெல்லை அளந்த மரைக்கால் யாருடையது என்பது வயற்காரனுக்கு அற்ப விடயமாக இருந்ததில்லை. கணினிக் கோப்பின் பெயருக்கு விதிக்கப்பட்ட நீள வரம்பையும் இந்நோக்கிலேயே ஆராய்தல் வேண்டும்.

1979இல் கல்முனை வாசகர் சங்கம் வெளியிட்ட 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். தலைப்பில் எழுத்துக்கள் 24. கணினியில் அது கொள்ளும் இடமோ 124 பைற்றுகள். மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான் என்னும் ஆசிரியர் மூவரின் பெயர்களையும், சங்கத்தின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் காற்புள்ளியிட்டுச் சேர்த்து, கோப்பின் வகையைச் சுட்டும் நான்கு குறிகளையும் ஈற்றில் இட்டால் 277 ஆகிவிடும். லினக்ஸ் கணினிகளில் பெருவழக்கான எக்ஸ்ட்4 முறை 255 பைற்றுக்கு மேல் ஏற்காது. விண்டோஸின் என்டிஎப்எஸ் முறைக்கும் வரம்பு 255தான்; ஆனால் அது எண்ணுவது பைற்றையன்று, குறியலகுகளை. அங்கு இதே பெயர் 109 மட்டுமே. ஆகவே மேசைக் கணினியில் தடையின்றி நின்ற கோப்பு, வலையமைப்பு வழியே லினக்ஸ் சேமிப்பகத்துக்குச் செல்லும்போது பெயர் நீண்டதென்று மறுக்கப்படுகின்றது. ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எப்எஸ் போன்ற வலைக் கோப்புமுறைகளில், தொலைவிலுள்ள சேவைக் கணினியின் அளவையே செல்லும்.

இதன் வேர் வரலாற்றிலுள்ளது. பெயரின் நீளத்தைக் குறிக்க ஒரே பைற்றை ஒதுக்கினால் எட்டக்கூடிய பேரெண் 255. தொடக்ககால யுனிக்ஸ் 14ஐயே அனுமதித்தது. எழுத்துக்கு ஒரு பைற்று கொள்ளும் ஆங்கிலத்துக்கு 255 தாராளமான எல்லை. 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூடிஎப்-8 முறை அந்த ஒரு பைற்றை அப்படியே பேணிற்று. அறபுக்கு இரண்டு, தமிழுக்கும் சிங்களத்துக்கும் மூன்று. அதற்கு மேலாக, இந்தியாவின் இஸ்கி முறையை அடியொற்றிய யுனிகோட், உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனியிடம் அளித்தது. விளைவு விசித்திரமானது: ஒரு மாத்திரை ஒலிக்கும் 'க' மூன்று பைற்று, அரை மாத்திரைக்குரிய 'க்' ஆறு. தொல்காப்பியர் கண்டால் நகைத்திருப்பார். இதில் சதி ஏதுமில்லை. ஏற்கெனவே முதலீடு செய்யப்பட்ட ஆங்கில மென்பொருட்கள் பழுதுறாமல் இயங்கவேண்டும் என்ற பொருளாதாரத் தேவை இருந்தது. அதன் செலவைச் சுமந்தவர்கள் வேறு.

வரம்பைத் தாண்டும் வழிகளுள் எளியது பெயரைச் சுருக்குவது. அவ்வாறு சுருக்கும்போது முதலில் வெட்டுண்பவை ஈற்றிலுள்ள வெளியீட்டாளரும் ஊரும். கல்முனை விடுபட்டால் அந்நூல் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்ததாகக் கொள்ளப்படும். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் இலக்கியப் பங்கு ஏலவே குறைவாகப் பேசப்படுவது என்பதை மறத்தலாகாது.

மேலான வழி எண்ணிடுதல். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்குத் தொடரெண் இட்டது. 2005இல் தோன்றிய நூலகத் திட்டம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் வழங்கி, கோப்பை அவ்வெண்ணால் அழைத்து, தலைப்பையும் ஆசிரியரையும் பட்டியற் பக்கத்தில் வைத்தது. (அப்பக்கங்களைத் தாங்கும் மீடியாவிக்கியிலும் பக்கத் தலைப்புக்கு 255 பைற்று எல்லை உண்டென்பது வேறு கதை.)

ஆயினும் எண் தன்னளவில் ஊமை. அதனைப் பேசவைப்பது பட்டியல். 2004 டிசம்பர் 26இல் அறுகம்பே முதல் மருதமுனை வரை கடல் புகுந்தபோது வீடுகளோடு நூல்களும் போயின. பட்டியலைப் பிரிந்த கோப்போ அழியாமலே பெயரிழக்கும். எனவே எண்ணிட்ட ஒவ்வோர் அடைவினுள்ளும் முழுப்பட்டியலை எளிய உரைக்கோப்பாக வைத்தலும், தலைப்பு, ஆசிரியர், பதிப்பூர் ஆகியவற்றைப் பிடிஎப்பின் உள்விவரத்திலே பதித்தலும் அவசியம். உரைக்கோப்பின் உள்ளே 255 என்ற எல்லை கிடையாது.